செம்புக் கம்பியை நிறுத்தும் முன்: செட்டிநாட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: செட்டிநாட்டு ஊர்களில் லேண்ட்லைன் இணைப்புகளை நிறுத்தி, இணையவழித் தொலைபேசிக்கு மாற்றிவரும் நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரிகள்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், கண்டனூர், புதுவயல் பகுதிகளில் செம்புக் கம்பி லேண்ட்லைன்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஃபைபர் வழி இணையத் தொலைபேசிக்கு மாற்றி வருகிறீர்கள். அறிவிப்பு ஒரு குறுஞ்செய்தியாக வருகிறது. அதுவும் இணைப்பு வாங்கியபோது எப்போதோ எழுதிக் கொடுத்த கைபேசி எண்ணுக்கு. அந்த எண் இப்போது சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனிடம் இருக்கும், அல்லது யாரிடமும் இல்லாமல் போயிருக்கும். வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு விஷயம் தெரிவது, ரிசீவரை எடுத்து டயல் டோன் இல்லை என்று கேட்கும்போதுதான்.

இந்த ஊர்களில் போன் வயரிங், இன்டர்காம், இன்வெர்ட்டர், அலாரம் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். உங்கள் ஆட்கள் பெட்டியை மாட்டிவிட்டுப் போன பிறகு வீட்டுக்காரர்கள் கூப்பிடுவது எங்களைத்தான். ஃபைபர் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. செம்புக் கம்பி செய்துகொண்டிருந்த வேலையில் பாதியை மட்டும் புதிய பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, மீதியைச் சொல்லாமலேயே வீட்டுக்காரர் தலையில் வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்பதுதான் எங்கள் புகார்.

செம்புக் கம்பியின் குறைகளை எங்களைவிட யார் அறிவார்? ஐப்பசி மழை தொடங்கினால் தெருமுனைப் பில்லர் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும். முனைகளில் பச்சை பூக்கும். பேச்சில் கரகரப்பு வரும். பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்கும். சாலை வேலைக்கு வந்த ஜே.சி.பி. ஒரு கேபிளை அறுத்தால் 100 ஜோடியையும் ஒவ்வொன்றாகப் பிரித்து ஜாயிண்ட் போட வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள், உதிரிப் பொருளும் கிடைப்பதில்லை. ஃபைபரின் கண்ணாடி இழையில் துரு இல்லை, மின்னல் இறங்காது. மாற வேண்டியதுதான். ஆனால் எதிலிருந்து மாறுகிறோம் என்பதை மாற்றுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பழைய தொலைபேசி நிலையத்தில் 2 வோல்ட் செல்கள் 24 வரிசையாக நின்று 48 வோல்ட் கொடுத்தன. அந்த மின்சாரமே கம்பி வழியாக வீட்டுக்கு வந்தது. ரிசீவரைத் தூக்கினால் 20 முதல் 40 மில்லியாம்பியர் ஓடும். மணி அடிக்க நிலையமே 75 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரம் அனுப்பும். வீட்டில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பது அந்தப் போனுக்குத் தெரியவே தெரியாது. புயல் அடித்துத் தெருவே இருண்டு கிடந்தாலும் போன் பேசியது இதனால்தான். பேட்டரியைப் பார்த்துக்கொள்வது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது எல்லாம் உங்கள் பொறுப்பாக இருந்தது. வாடிக்கையாளர் அதைப்பற்றி யோசித்ததே இல்லை.

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கொண்டுவராது, ஒளியை மட்டும்தான் கொண்டுவரும். அந்த ஒளியைப் போனாகவும் நெட்டாகவும் மாற்ற வீட்டில் மாட்டும் ஓ.என்.டி. பெட்டி 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது. கரண்ட் போன நொடியில் பெட்டி அணைகிறது, பெட்டி அணைந்தால் போன் இல்லை. மாட்ட வரும் ஆள் இந்த ஒரு வரியைக்கூட வீட்டுக்காரரிடம் சொல்வதில்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போகிற கரண்ட் பெரும்பாலும் மாலை வரை வராது. வீட்டில் 75 வயதுக்கு மேற்பட்ட இருவர் மட்டும் இருக்கிறார்கள், கைபேசிச் சிக்னல் வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் நுழைவதில்லை என்றால், அந்த எட்டு மணி நேரமும் அந்த வீட்டுக்கும் வெளியுலகுக்கும் தொடர்பே கிடையாது. 108-ஐ அழைக்க வேண்டி வந்தால் யாராவது தெருவுக்கு ஓடித்தான் ஆக வேண்டும்.

"மினி யு.பி.எஸ். வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எதை வாங்குவது? அட்டையில் 10,000 மில்லியாம்பியர்-மணி என்று அச்சடித்திருக்கும். அது 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு, அதாவது 37 வாட்-மணி. அதை 12 வோல்ட்டுக்கு ஏற்றும்போது போகிற இழப்பைக் கழித்தால் 30 வாட்-மணி மிஞ்சும். இரண்டு ஆண்டெனா வைஃபையும் போனும் சேர்ந்த ஓ.என்.டி. ஏறக்குறைய 8 வாட் இழுக்கும். ஆக, புதிதாக இருக்கும்போதே நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கோடையைக் கண்ட பிறகு அதுவும் தேய்ந்துபோகும். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் ஷட்டவுன் நாள் முழுவதும் இது தாங்காது. எட்டு மணி நேரம் ஓட 64 வாட்-மணி கையில் கிடைக்க வேண்டும். இழப்பையும் தேய்மானத்தையும் சேர்த்து 100 வாட்-மணி அளவுள்ள பேட்டரி தேவை. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி சீல் பேட்டரியைப் பெட்டியில் நேரடியாக மாட்டிவிடலாம் என்று சிலர் முயல்கிறார்கள். அதன் கணக்கு 84 வாட்-மணிதான். அதோடு, சார்ஜ் ஆகும்போது அது 13.8 வோல்ட்டுக்கு ஏறும். நடுவில் ரெகுலேட்டர் இல்லாவிட்டால் எல்லாப் பெட்டியும் அதைத் தாங்காது.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் வேலை இன்னும் எளிது, ஆனால் அங்கேயும் கோட்டை விடுகிறார்கள். நம் பக்கத்தில் இன்வெர்ட்டர் லைனை விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும் இழுத்திருப்பார்கள். பிளக் பாயிண்டுகள் நேர் கரண்டில் இருக்கும். உங்கள் ஆள் கண்ணில் பட்ட முதல் பிளக்கில் அடாப்டரைச் செருகிவிட்டுப் போகிறார். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி பக்கத்து அறையில் முழுச் சார்ஜோடு நிற்க, போன் செத்துக் கிடக்கிறது. மெயினை ஒரு நிமிடம் இறக்கிப் பார்த்தால் எந்தப் பாயிண்ட் இன்வெர்ட்டரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இல்லாவிட்டால் பக்கத்துச் சுவிட்ச் பெட்டியிலிருந்து இன்வெர்ட்டர் பேஸ், அதற்குரிய நியூட்ரல் இரண்டையும் சேர்த்து ஒரு 5 ஆம்பியர் பாயிண்டுக்கு இழுக்க வேண்டும். நியூட்ரலை மாற்றிக் கோத்தால் இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும். இன்வெர்ட்டரின் பின்புறச் சுவிட்சை யு.பி.எஸ். பக்கம் தள்ளிவைக்க வேண்டும். மற்ற நிலையில் கரண்ட் மாறும் இடைவெளி நீளும், பெட்டி அணைந்து மறுபடி எழும். போன் திரும்பிவர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பேசிக்கொண்டிருந்த அழைப்பு போய்விடும்.

வீட்டில் பேட்டரி வைத்தாலும் போதாது. ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்க, தெருவில் தொங்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அதற்கு முந்திய, தெருவுக்கே ஒளியை அனுப்பும் ஓ.எல்.டி. கருவியை உள்ளூர்க் கூட்டாளிகளின் சின்ன அறையில் வைத்திருக்கிறீர்கள். அங்கே இருக்கும் பேட்டரி தேய்ந்துபோனால், வீட்டுப் பெட்டி எரிந்துகொண்டிருக்கும்போதே சிவப்பு விளக்கு மின்னத் தொடங்குகிறது. தெரு முழுவதும் ஒரே நேரத்தில் போகிறது. பழைய நிலையத்தில் நீங்கள் காத்த பேட்டரி ஒழுங்கு இந்த அறைகளுக்கு ஏன் இல்லை?

அடுத்தது வீட்டுக்குள் இருக்கும் வயரிங். செட்டிநாட்டு வீடு மற்ற வீடுகளைப் போலல்ல என்பதை உங்கள் வேலைத்திட்டம் கணக்கில் எடுத்ததாகவே தெரியவில்லை. முகப்பு, பட்டாலை, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் இவை. சுவர் கனமானது. வைஃபை வளவைத் தாண்டாது. கம்பியில்லாப் போனின் கைக்கருவியும் நாலு சுவருக்கு அப்பால் திணறும். அதனால்தான் அந்தக் காலத்திலேயே, வெளிக்கம்பி வந்து சேரும் ரோசெட் பெட்டியிலிருந்து ஒரு ஜோடிக் கம்பியை உள்ளே இழுத்து, கட்டுக்கு ஒரு போன் வைத்தார்கள். இப்போது முகப்பில் ஓ.என்.டி.யை மாட்டி, அதன் பக்கத்திலேயே ஒரு போனை வைத்துவிட்டு "வேலை முடிந்தது" என்று கையெழுத்து வாங்கிப் போகிறார்கள். அங்கே அடிக்கிற மணி அடுப்படியில் இருக்கும் ஆச்சிக்குக் கேட்காது. மூட்டுவலியோடு அவர் முகப்பு வரை நடந்து வருவதற்குள் அழைப்பு நின்றுவிடும்.

பழைய உள்வயரிங்கை அப்படியே பயன்படுத்தலாம். அதற்கு அரை மணி நேரம் போதும். முதலில் கம்பத்திலிருந்து வரும் பழைய ஜோடியை ரோசெட்டில் கழற்றி, முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்க வேண்டும். இதை மறக்கக்கூடாது: நிலையத்தின் 48 வோல்ட் இன்னும் அந்த ஜோடியில் இருந்தால், அதோடு ஓ.என்.டி.யின் போன் போர்ட்டைச் சேர்த்தவுடன் போர்ட் எரிந்துபோகலாம். மல்டிமீட்டரை வைத்து ரோசெட்டில் வோல்ட் ஏதும் இல்லை என்று பார்த்த பிறகே, பெட்டியின் 'டெல்' போர்ட்டிலிருந்து ஒரு கம்பியை ரோசெட்டுக்குக் கொண்டுவந்து, உள்ளே போகும் ஜோடியோடு இணைக்க வேண்டும். அவ்வளவுதான், எல்லாக் கட்டுகளிலும் டயல் டோன் வந்துவிடும். ஆனால் நிலையம் கொடுத்த மணிச்சக்தியை இந்தச் சின்னப் பெட்டியால் தர முடியாது. பழைய இரும்பு மணி வைத்த போன்கள் நாலைந்து இணையாக இருந்தால் மணி முனகும், அல்லது அடிக்கவே அடிக்காது. இரண்டு மூன்றில் மட்டும் மணியை வைத்துக்கொண்டு மற்றவற்றில் அணைத்துவிட வேண்டும், அல்லது மின்னணு மணி உள்ள போனாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டிலும் நின்று மணி கேட்கிறதா என்று பார்க்காமல் வேலையை முடித்ததாகச் சொல்லக்கூடாது.

சுழற்றும் டயல் உள்ள போன்களை இன்னும் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பல ஓ.என்.டி.கள் அந்தத் துடிப்பு முறையைப் புரிந்துகொள்வதில்லை. அழைப்பு வரும், பேசலாம், இங்கிருந்து எண் சுழற்ற முடியாது. பொத்தான் போன்களிலும் அடியில் உள்ள சின்னச் சுவிட்ச் 'பி'யில் இருந்தால் இதே நிலைமைதான், 'டி'க்குத் தள்ள வேண்டும். இன்னொன்று: எண்ணை அழுத்தி முடித்த பிறகு பெட்டி இன்னும் எண் வருமா என்று சில வினாடி காத்திருக்கும். அந்த அமைதியில் பெரியவர்கள் போன் கெட்டுவிட்டது என்று வைத்துவிடுகிறார்கள். கடைசியில் ஹாஷ் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான பெட்டிகளில் உடனே போய்விடும். லேண்ட்லைனிலிருந்து கைபேசிக்கு 0 சேர்த்து அழைக்கும் முறை 2021 ஜனவரி 15 முதல் நடப்பில் இருக்கிறது, மாறிய பிறகும் அது தொடரும். இதையெல்லாம் ஒரு தாளில் பெரிய எழுத்தில், தமிழில் அச்சடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

சுவர் விஷயமும் ஒன்று. முட்டைச் சுண்ணாம்புப் பூச்சில் ஹாமர் ட்ரில்லை வைத்தால் சுற்றிலும் பாளம் பாளமாக விடும். அதைத் திரும்பப் பூசக் கைதேர்ந்த கொத்தனார் கிடைப்பது அரிது. தேக்கு நிலையில் துளை போட்டதையும் பார்க்கிறோம். செம்புக் கம்பி வந்த துளை அங்கேயே இருக்கிறது. ஃபைபர் அதைவிட மெல்லியது. பழைய துளையையே பயன்படுத்துங்கள்.

இழையை வீட்டுக்குக் கொண்டுவருவதிலும் அவசரம் தெரிகிறது. 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரே 17 டெசிபல் அளவுக்கு ஒளியைக் குறைத்துவிடும். அதற்கு மேல் ஆணியில் மடக்கிக் கட்டிய வளைவு, தூசி படிந்த கனெக்டர், வெட்டுக்கோணம் வேறான பச்சை முனையை நீல முனையோடு செருகுவது எல்லாம் சேர்ந்தால் வீட்டில் கிடைக்கும் அளவு விளிம்புக்கு வந்துவிடும். பெட்டி மைனஸ் 27 டி.பி.எம். (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) வரை தாங்கும் என்பது காகிதத்தில் உள்ள எல்லை. மைனஸ் 25-க்கு அப்பால் விட்டுவிட்டுப் போனால், அடுத்த மழைக்காற்றில் கேபிள் ஆடும்போது இணைப்பு விட்டுவிட்டு வரும். 1490 நேனோமீட்டரில் பவர் மீட்டரை வைத்து அளப்பது ஒரு நிமிட வேலை. கனெக்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைப்பது இன்னொரு நிமிடம்.

நெட் வேலை செய்கிறது, போன் மட்டும் இல்லை என்பது நாங்கள் அதிகம் கேட்கும் புகார். பெட்டியை மாற்றும்போது இன்டர்நெட்டை மட்டும் அமைத்துவிட்டு, போன் கணக்கின் எண்ணையும் கடவுச்சொல்லையும் போடாமல் போனால் இதுதான் நடக்கும்: போன் விளக்கு எரியாது, டயல் டோன் வராது. அழைப்பு ஏறக்குறைய 32 வினாடியில் தானாக அறுந்தால் அது கம்பிக் கோளாறு அல்ல; எதிர்முனையின் ஒப்புதல் செய்தி ரூட்டரில் தொலைகிறது. வீட்டுக்காரர் தனியாக வைத்திருக்கும் ரூட்டருக்குப் பின்னால் இணையப் போன் இருந்தால், அந்த ரூட்டரில், போன் செய்திகளை இடையில் மாற்றும் 'சிப் ஏ.எல்.ஜி.' என்ற அமைப்பை அணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒருவர் பேசுவது மட்டும் கேட்கிறது, மற்றவர் குரல் இல்லை என்பதும் இதே குடும்பத்துக் கோளாறு. பேச்சு துண்டு துண்டாக வெட்டுப்பட்டால் வேகம் குறைவு என்று பெரிய பிளானை விற்கிறார்கள். அது சரியல்ல. ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் 100 கிலோபிட்டுக்கும் குறைவாகவே தேவை. நாலு கண்காணிப்புக் கேமராக்கள் மேலே ஏற்றும் படமும் குரலும் ஒரே வரிசையில் நிற்பதுதான் சிக்கல். குரலுக்குத் தனி விலான் (ஒரே இழைக்குள் பிரித்த தனிப் பாதை), முன்னுரிமை இரண்டையும் கொடுத்தால் மிகச் சிறிய பிளானிலும் தெளிவாகப் பேசலாம். இந்த அமைப்பு உங்கள் கையில் இருக்கிறது, வாடிக்கையாளர் கையில் இல்லை.

பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. போகும்போது மெயினை இறக்கிவிட்டுப் போவது வழக்கம், பழைய வயரிங் உள்ள வீட்டுக்கு அது தேவையான பாதுகாப்பும்கூட. உள்ளே மரவேலைப்பாடும் பழம்பொருளும் இருப்பதால் திருட்டுப் பயம் உண்டு. அதற்காக ஆட்டோ டயலர் அலாரம் வைத்திருக்கிறார்கள். அலாரத்துக்குள் தனி பேட்டரி இருக்கிறது. கதவு திறந்தால் லேண்ட்லைனைப் பிடித்து, பதிந்து வைத்த எண்களை அது வரிசையாக அழைக்கும். மெயின் இறங்கியிருந்தாலும் செம்புக் கம்பி உயிரோடு இருந்ததால் இது இயங்கியது. இப்போது அலாரம் விழித்திருக்கிறது, அதன் பேட்டரியும் சார்ஜ் ஆகாமல் மெல்ல இறங்குகிறது, ஓ.என்.டி.யோ மெயினை இறக்கிய அன்றே அணைந்துவிட்டது. வீட்டுக்காரர் மலேசியாவில் இருந்துகொண்டு அலாரம் காக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். இந்த ஆபத்தை அறிந்தும் சொல்லாமல் கம்பியை நிறுத்துவதை நாங்கள் மன்னிக்க முடியாத அலட்சியம் என்கிறோம். சிம் கார்டு போட்ட அலாரம் மாற்று வழிதான். சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஆண்டெனாவை வைத்து, ரீசார்ஜ் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொண்டால் அது பயன்படும். அல்லது மெயினுக்கு முன்னால் தனி எம்.சி.பி. வைத்து ஓ.என்.டி.க்கும் அலாரத்துக்கும் மட்டும் ஒரு லைன் விட வேண்டும். எதைச் செய்வதற்கும் முன்கூட்டியே சொன்னால்தானே முடியும்?

பாரம்பரிய விடுதிகளிலும் பள்ளிகளிலும் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். என்ற உள் எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது. அழைத்தவர் வைத்துவிட்டார் என்பதைச் சில பழைய எக்ஸ்சேஞ்சுகள் கம்பியின் பிளஸ், மைனஸ் முனைகள் மாறுவதை வைத்தே அறிகின்றன. ஓ.என்.டி.யில் அந்தச் சைகையை இயக்காவிட்டால் லைன் விடுபடாமல் 'பிஸி'யாகவே நிற்கும். விடுதியை அழைப்பவருக்கு நாள் முழுக்க அதுதான் கேட்கும்.

எண்ணையும் பெயரையும் பற்றி. 04565, 04561 என்று தொடங்கும் இந்த எண்கள் கல்யாணப் பத்திரிகைகளிலும், ஊர்க்கோவில் குறிப்பேடுகளிலும், கடல் கடந்த உறவுகளின் நாட்குறிப்புகளிலும் இருப்பவை. அதே எண்ணை ஃபைபரில் கொடுக்கத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. புது எண்ணைக் கொடுப்பது உங்கள் வசதிக்காகத்தான். கைபேசி எண்ணைப் போல லேண்ட்லைன் எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துப்போகவும் முடியாது என்பதால், நீங்கள் விட்டால் அந்த எண் போனதுதான். பல இணைப்புகள் காலமாகிவிட்ட அப்பச்சி பெயரிலோ, பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டு விலாசத்திலோ இருக்கின்றன. பெயர் மாற்ற இறப்புச் சான்றிதழும் எல்லா வாரிசுகளின் சம்மதக் கடிதமும் கேட்கிறீர்கள். வாரிசுகள் மூன்று நாடுகளில் இருக்கும்போது ஒரு மாதக் கெடுவுக்குள் அது நடக்காது, கெடு முடிந்ததும் எண் கைவிட்டுப் போகிறது. பழைய பெயரும் பழைய முகவரியும் அப்படியே இருந்தால், அவசர அழைப்பின்போது பதிவில் தெரிகிற இடமும் தவறாகவே இருக்கும்.

மற்ற நாடுகள் இதே பாதையில் தடுக்கி விழுந்து பாடம் கற்றிருக்கின்றன. பிரிட்டனில் 2025 இறுதிக்குள் பழைய பிணையத்தை மூடுவதாக இருந்தார்கள். முதியவர்கள் அணியும் அவசர அழைப்புப் பொத்தான்கள் மாற்றத்துக்குப் பின் வேலை செய்யாமல் போனது தெரிந்ததும், 2023 டிசம்பரில் வாடிக்கையாளர் கேட்காமல் செய்யும் மாற்றங்களை நிறுத்திவைத்தார்கள். கெடு 2027 ஜனவரிக்குப் போயிற்று. லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, மின்தடையில் குறைந்தது 1 மணி நேரம் அவசர எண்ணை அழைக்க வழி செய்ய வேண்டும் என்பது அங்கே நிறுவனத்தின் கடமை. அமெரிக்காவில் 2015-இல் வந்த விதி, 8 மணி நேர மாற்று மின்சாரத்தை வாங்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்றது. 2019 முதல் அதை 24 மணி நேரமாக்கியது. காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. எந்தப் பேட்டரி இந்த வெயிலுக்குத் தாங்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நீங்கள் இந்த ஊரைவிட்டு வெளியே போக வேண்டிய தேவைகூட இல்லை.

நாங்கள் கேட்பவை இவை.

எந்த ஊரில், எந்தப் பகுதியில், எந்தத் தேதியில் செம்புக் கம்பி நிற்கும் என்ற பட்டியலை வெளியிடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் 90 நாள் முன்னதாகத் தமிழில் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுங்கள். பூட்டிய வீடாக இருந்தால் கதவில் ஒட்டி, பில் போகும் முகவரிக்கும் அனுப்புங்கள். கரண்ட் போனால் போன் போகும் என்ற வரியும், அலாரம் வைத்திருப்பவர்கள் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற வரியும் அதன் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஃபைபரில் போன் பேசத் தொடங்கிய பிறகு 30 நாள் வரை பழைய கம்பியையும் உயிரோடு வையுங்கள்.

70 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கும், உள்ளே கைபேசிச் சிக்னல் இல்லாத வீடுகளுக்கும் 8 மணி நேரம் தாங்கும் பேட்டரியை இலவசமாகக் கொடுத்து, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். மற்றவர்களுக்கு அடக்க விலையில் கொடுங்கள். ஓ.எல்.டி. வைத்திருக்கும் ஒவ்வொரு அறையிலும் 8 மணி நேரப் பேட்டரியும் ஜெனரேட்டர் வசதியும் இருக்க வேண்டும் என்று கூட்டாளிகளின் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்; ஷட்டவுன் நாளில் போய்ச் சோதியுங்கள்.

மாட்டும் வேலைக்கு ஒரு முடிவுச் சீட்டு வையுங்கள். வீட்டில் அளந்த ஒளியளவு, ரோசெட்டில் பழைய ஜோடி கழற்றப்பட்டதா, எந்தெந்தக் கட்டில் மணி கேட்டது, உள்வந்த அழைப்பு, வெளிச்சென்ற அழைப்பு, ஐந்து நிமிடம் அறுபடாமல் பேசிய ஒரு அழைப்பு, மெயினை இறக்கியபோது போன் நின்றதா பேசியதா என்பவை அதில் கையால் எழுதப்பட வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும்வரை செம்புக் கம்பியைத் தொடாதீர்கள். இதற்கு ஆகும் கூடுதல் நேரத்துக்கு மாட்டும் ஆட்களுக்குத் தனிக் கூலி கொடுங்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கிற கூலியில் யாரும் வளவைத் தாண்டி உள்ளே போகமாட்டார்கள், அது அவர்கள் தவறும் அல்ல.

எண் மாறக்கூடாது. காலமானவர் பெயரில் உள்ள இணைப்பை, அந்த வீட்டில் வசிக்கும் ஒரு வாரிசின் சுய உறுதிமொழியை வைத்து மாற்றுங்கள். மற்றவர்களின் ஆட்சேபம் வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதுவரை எண் உயிரோடு இருக்கட்டும். மாற்றும் அன்றே வசிப்பிட முகவரியைச் சரிபார்த்துப் பதிவு செய்யுங்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2012-ஆம் ஆண்டு விதிப்படி ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் (புகார்ப் பதிவு எண்) தர வேண்டும். "ஆள் வருவார்" என்று சொல்லி அழைப்பை வைப்பதை நிறுத்துங்கள். நெட் இருக்கிறது, போன் இல்லை என்பதைத் தனிப் புகார் வகையாகச் சேருங்கள். இப்போது உங்கள் அமைப்பில் நெட் இருந்தால் கோளாறு இல்லை என்றே பதிவாகிறது.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள், எப்போதிலிருந்து என்பதை 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்து, ஒவ்வொரு ஊரிலும் உள்ள உங்கள் வாடிக்கையாளர் மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அந்தப் பதில் வரும்வரை, வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எந்த இணைப்பையும் நிறுத்தாதீர்கள். மாட்டும் ஆட்களுக்கு உள்வயரிங் பற்றியும் இன்வெர்ட்டர் பற்றியும் பயிற்சி கொடுக்க நீங்கள் முன்வந்தால், சம்பளம் கேட்காமல் வந்து சொல்லிக்கொடுக்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
செட்டிநாட்டு ஊர்களில் தொலைபேசி, இன்டர்காம், இன்வெர்ட்டர், அலாரம் வேலை செய்வோர்